ரேடியோவில் புயல் பாடம்

தொண்டியிலிருந்து ராமநாதபுரம் போகிற காலை பஸ். எனக்கு முன் சீட்டில் ஆசிரியப் பயிற்சியில் இருக்கும் பெண்கள் இருவர். ஜன்னலோரத்தில் இருந்தவள் மடியில், துண்டு சுற்றிய ரேடியோப் பெட்டி.

"ரேடியோ பேசுனா பிள்ளைக எந்திரிச்சு ஓடும்னு நமக்கு யாரும் சொல்லித் தரலையேடி" என்றாள் அவள்.

"எதுக்கு ஓடுச்சுக?"

"நான் பயிற்சிக்குப் போன மீன்பிடி ஊர்ல, பள்ளிக்கூட ஒலிபரப்புல புயல் பாடம். ஏரியல் கம்பியைப் பனைமரத்துல கட்டி, ஸ்டேஷனும் சரியாத்தான் பிடிச்சேன். 'வங்கக் கடலில் புயல் உருவாகிறது'ன்னு ரேடியோவுல பேசுறவரு ஆரம்பிச்சாரு. மொத்த வகுப்பும் கரைக்கு ஓடிருச்சு."

"பாடம்னு நீ சொல்ல வேண்டியதுதானே?"

"ரேடியோ பேசும்போது டீச்சர் பேசக் கூடாதுன்னுதானே படிச்சோம். அந்த ஊர்ல பஞ்சாயத்து ரேடியோவுல புயல்னு கேட்டா, கேட்டவங்க நேரே கரைக்குப் போய்ச் சொல்லிரணும். அங்கன அதுதான் வழக்கமாம்."

"அப்புறம்?"

"வள்ளத்தை எல்லாம் மேட்டுக்கு இழுத்துட்டாங்க. கடலு அன்னிக்குப் பூரா குளம் மாதிரி கிடந்துச்சு. ஊருக்கு ஒரு மீன்கூட வரல."

"வைஞ்சாங்களா?"

"வையல. அதுதான் ரொம்பச் சங்கடமாப் போச்சு."

பஸ் ஒரு மாட்டு வண்டிக்காக ஒதுங்கி நின்றது.

"பின்னால உக்காந்து மார்க் போட வந்த சார் என்னடி சொன்னாரு?"

அவள் துண்டின் முடிச்சை இறுக்கினாள்.

"முதல்ல எந்திரிச்சு ஓடுனதே அவருதான். புதுமடத்துல இருக்க தம்பி கடலுக்குப் போயிரக் கூடாதுன்னு தந்தி குடுக்க."