பிணத்தைப் பார்த்த எழுத்து

யோங் பெங்கிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் காலை பஸ். ஏர்கான் குளிரைக் குறைக்கச் சொன்னால் டிரைவர் காதிலேயே வாங்குவதில்லை. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள், ஒரே தொழிற்சாலைச் சட்டை. தூங்கலாமென்று கண்ணை மூடினேன். மூத்தவள் சொன்னது தூக்கத்தைக் கெடுத்தது.

"எழுத்து பொணத்தப் பார்த்துத்தான் இருந்துச்சாம்."

"எந்த எழுத்துக்கா?"

"எம்மவ சுவீடன்ல படிக்கிறாள்ல, அதான். ரூன் எழுத்தாம், அந்தக் காலத்து வெள்ளைக்காரன் எழுத்து. சமாதிக்குள்ள ஒரு கல்லு. எழுதுன பக்கம் உள்ள திரும்பி இருந்துச்சாம்."

"ஏன்க்கா உள்ள?"

"செத்தவன் எந்திரிக்கக்கூடாதுன்னு சிலபேர் சொல்றாங்களாம். சரியா யாருக்கும் தெரியாதாம்."

"அலமாக்! நம்ம வாசல்ல மந்திரத் தகடு பொதைக்கிற மாதிரி லா. அதத் தோண்டிப் பார்க்கவே கூடாதே."

"இவ பார்த்ததோட விடல. வாய்விட்டுப் படிக்கிறா. அந்த பாஷைய எப்படிப் பேசுனாங்கன்னு கண்டுபிடிக்கிறதுதான் படிப்பாம். ரூம்ல தனியா உக்காந்து பேசிப் பழகுறா. எனக்குக்கூட வாய்ஸ் அனுப்பியிருக்கா. நான் இன்னும் கேக்கல."

கைப்பேசியை மடியில் கவிழ்த்து, அதன்மேல் கையை வைத்திருந்தாள்.

இளையவள், "பயப்படாதீங்கக்கா. சுத்தி அந்த ஊர் ஆளுங்க இருக்காங்கள்ல" என்றாள்.

"அவங்க பாஷையெல்லாம் மாறிப்போச்சாம் லா. அவங்க பேசுறது எதுவும் அந்தச் செத்தவனுக்குப் புரியாது." மூத்தவள் குரலைத் தாழ்த்தினாள். "எம்மவ பேசுறது மட்டுந்தான் புரியும்."