கற்பாசிக்குள் இருந்த பச்சை

கற்பாசியை அலசாமல் நாங்கள் ஆணம் என்னும் குழம்பில் போட்டால் சாப்பிடும்போது மண் கடிக்கும். பொறுமையாக அலச வேண்டும். சூலியா தெருவில் என் சாப்பாட்டுக் கடை பேர் வாங்கியது கற்பாசி வாசனையால்தான். சமைத்தவள் என் தங்கை சலேஹா. உம்மாவும் வாப்பாவும் போனபிறகு, ‘நானா’ என்று கூப்பிடும் அண்ணன் நான்தான் அவளுக்கு எல்லாம்.

தண்ணீர்மலைப் பூந்தோட்டத்தில் வேலை பார்த்த யூசுப் அவளைப் பெண் கேட்டிருந்தான். நானும் மறுக்கவில்லை. ஒரு நாள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் உருப்பெருக்கிக் கண்ணாடியடியில் கற்பாசித் துணுக்கை வைத்துக் காட்டினான். வெளுத்த நூல்பின்னலுக்குள் பச்சை உருண்டைகள்.

“ரெண்டு உசிரு நானா, சேந்து குடித்தனம் பண்ணுது. வெள்ளை வீடு கட்டிக் குடுக்கும். பச்சைதான் வெயில வச்சுச் சோறாக்கும்.”

“பச்சை வெளிய போயிட்டா?”

“ஈரம் கண்ட எடத்துல அது பொழச்சுக்கும். வெள்ளைதான் பட்டினி.” சிரித்தான். “சலேஹா எங்க வீட்டுக்கு வந்துட்டா உங்க கடையும் அந்த வெள்ளை மாதிரிதான் லா.”

நானும் சிரித்தேன். வழியெல்லாம் யோசித்தேன். வெளியே போய்க் காய்ந்து செத்த பச்சைகளை அவன் சொல்லவில்லை. சலேஹாவைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ரமலானில் அவனை நோன்பு திறக்க அழைத்தேன். மற்ற நாட்களில் சலேஹா உப்புப் பார்க்காமல் சட்டியை இறக்கமாட்டாள். நோன்பில் நுனிநாக்கிலும் வைக்கமாட்டாள். அதனால்தான் அந்த மாதம். விருந்தாளிக்கென்று இறைச்சி ஆணத்தைத் தனிச்சட்டியில் எடுத்து வைத்திருந்தாள். மதிய லுஹர் தொழுவதாக அவள் அறைக்கதவைச் சாத்தியபோது, எலிப் பாஷாணத்தை அதில் கலந்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்தபோது சமையற்கட்டில் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் சோற்றுப் பீங்கான் தட்டு.

“எனக்கு நோன்பில்ல நானா. ஒங்ககிட்ட எப்படிச் சொல்றது? பசிச்சுது. அவருக்கு வச்சதுல கொஞ்சம்...”

மாதத்தில் சில நாள் பெண்களுக்கு நோன்பு விலக்கு. ஆண்கள் கண்ணில் படாமல் சாப்பிடுவார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். எனக்குத்தான் தோன்றவில்லை.

நோன்பு திறக்கும் மக்ரிப் பாங்குக்கு முன் அவள் மூச்சு அடங்கிவிட்டது. பேரீச்சம்பழத்தோடு வாசலில் வந்து நின்றான் யூசுப். அவன்தான் அழுதான். எனக்கு அழுகையும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை.

கலந்தது நான்தான் ஐயா, வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். யூசுப் மேல் எனக்குக் கோபமில்லை. சலேஹாவைத்தான் மன்னிக்க முடியவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இன்று எனக்குச் சோறு போட ஆள் இருந்திருக்கும்.