கேம்பில் இருந்த மகனுக்குத் தலை பின்னிய கதை

எண்பதுகளில் ஒருநாள், சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் பஸ் ஏறினேன். முன் இருக்கைப் பெண்மணி தன் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மகன் கேம்ப்ல இருந்தான்லா. நான் வீட்டுல அவன் முடிக்கு எண்ணெய் தேய்ச்சுப் பின்னிவிட்டேன்."

"என்னக்கா சொல்றீங்க?"

"நேஷனல் சர்வீஸ்னு பட்டாளத்துல சேத்ததும் முடிய ஒட்ட வெட்டிட்டாங்க. மெட்டல் ராக் பேண்டுல கிட்டார் வாசிக்க நீள முடி வேணுமாம். விக் வாங்கி வச்சிருக்கான். சிக்குப் புடிச்சுக் கெடந்துச்சு, மனசு கேக்கல."

"திட்டலையா?"

"திட்டினான். அவுக்க நேரமில்ல, அப்படியே மேடையேறிட்டான். கிட்டாரோட மூணு பேர். மூஞ்சி பூரா வெள்ளைப் பெயிண்ட், முள்ளு வச்ச சட்டை, மூணும் ஒரே மாதிரி பேய். பின்னலப் பாத்துதான் என் புள்ளையக் கண்டுபிடிச்சேன்."

"அப்புறம்?"

"ஜனங்களுக்கு அந்தப் பின்னல் புடிச்சுப்போச்சு. முன்ன புளோக்குக்குக் கீழ வாய்ட் டெக்ல வாசிச்சப்ப பத்துப் பேர் பாத்தாங்க. நேத்து கம்யூனிட்டி சென்டர்ல நிக்க இடமில்ல."

"சந்தோஷம்தானே?"

"என்ன சந்தோஷம்? நேத்து மூணு பேருமே பின்னலோட வந்து நிக்கிறானுங்க. நான் எவனப் பாத்துக் கை தட்டுறது?"