செக்கெஜாப், அங்கிள்

உங்க ஸ்டேஷன்ல பார்க்கிங் கோடெல்லாம் நல்லா போட்டிருக்கீங்கம்மா. பெயிண்ட் அழியாம, ஒவ்வொரு இடமும் அளவா இருக்கு. கிள்ளான்ல இப்படி ஒரு இடத்தை நான் பார்த்து ரொம்ப நாளாச்சு. விசிட்டர்னு எழுதியிருந்த இடத்துல காரை விட்டுட்டு, ரெண்டு பக்கமும் இடைவெளி சரியா இருக்கான்னு இறங்கிப் பார்த்துட்டுத்தான் உள்ள வந்தேன். சில பேருக்கு இது பைத்தியக்காரத்தனமா தெரியும். தெரிஞ்சுட்டுப் போகட்டும்.

வாணின்னு உங்க சட்டையில பேரு இருக்கு. என் மக வயசுதான் இருக்கும் உங்களுக்கு, இன்ஸ்பெக்டர்னு கூப்பிட வாய் வரல. அம்மான்னே கூப்பிடுறேன். என் பேரு தங்கமணி, உங்களுக்குத் தெரியும். துறைமுகத்துல கேட் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவன். லோரி உள்ள போகணும்னாலும் வெளிய வரணும்னாலும் நான் தலையாட்டணும். இப்போ பண்டமாரான்ல எங்க குடியிருப்புச் சங்கத்துக்குத் தலைவர். வேலாயுதம் செத்ததைப் பத்தி விசாரிக்க நீங்க வீட்டுக்கு வந்தப்போ ஒண்ணு சொன்னேன். அதை மாத்திச் சொல்லத்தான் வந்திருக்கேன். அவசரம் இல்ல, நீங்க டீ குடிச்சுக்கிட்டே கேளுங்க.

எங்க ரோட்டை நீங்க பார்த்தீங்க. ரெண்டு பக்கமும் ஒட்டுன வீடுங்க, நடுவுல ஒரு லோரி வந்தாலே மூச்சு முட்டும். வீட்டுக்கு ஒரு காருன்னு நினைச்சுக் கட்டினான் கட்டினவன். நம்ம ஜனங்க சும்மா இருப்பாங்களா? போர்ச்சை அடைச்சு ஹாலாக்கிட்டு காரை ரோட்டுல விட்டாங்க. அப்புறம் பூந்தொட்டி வச்சு இடம் பிடிக்கிறது, உடைஞ்ச நாற்காலி, பழைய டயர், மொட்டை மாடித் தண்ணித் தொட்டி மூடி கூட வச்சிருந்தாங்க. என் வாசல்ல நிறுத்தாதேன்னு ஒருத்தன் கத்துவான், உங்க அப்பன் போட்ட ரோடான்னு இன்னொருத்தன் கேப்பான். காலங்காத்தால இதான் சுப்ரபாதம்.

வேலாயுதம் எனக்கு எதிர் வீடு. கண்டெய்னர் லோரி ஓட்டுறவன். கெட்டவன்னு நான் சொல்லமாட்டேன். தண்ணி கிண்ணி கிடையாது. பொண்டாட்டி மாதவியை அதட்டிக்கூடப் பேசமாட்டான். எங்க வீட்டுல லைட் போச்சுன்னா அவன்தான் ஸ்டூல் போட்டு ஏறி மாட்டிட்டுப் போவான். அவன்கிட்ட ஒரே ஒரு பழக்கம். என் கேட்டை மறிச்சுக் காரை நிறுத்துவான். நான் வெளிய வந்து நின்னா, பல்லைக் காட்டிக்கிட்டு, "செக்கெஜாப் லா அங்கிள்"ம்பான்.

செக்கெஜாப்னா கொஞ்ச நேரம், ஒரு நிமிஷம்னு அர்த்தம். நம்ம ஊர்ல எல்லாரும் சொல்றதுதான், நீங்களும் சொல்வீங்க. ஆனா அவன் வாயில அதுக்கு வேற அர்த்தம். நீ அங்கேயே நில்லு, என் வேலை முடியட்டும்னு அர்த்தம். குளிப்பான், சாப்பிடுவான், போன்ல யார்கிட்டயோ சிரிச்சுப் பேசுவான். அப்புறம் ஈரத்தலையோட வந்து காரை எடுப்பான். "சாரி லா அங்கிள்"ம்பான். சாரின்னு சொன்னவனை அதுக்கு மேல என்ன கேக்கிறது?

என் வீட்டுக்காரி லெட்சுமி செத்தப்போ, ஆஸ்பத்திரியில இருந்து அவ உடம்பு இருந்த பெட்டியை வேன்ல கொண்டு வந்தோம். வேலாயுதம் கார் ரோட்டை மறிச்சு நின்னுச்சு. வேன் முனையிலேயே நின்னுடுச்சு. நான் இறங்கிப் போய் அவன் கேட்டைத் தட்டினேன். உள்ளேயிருந்து சத்தம் வந்துச்சு, "செக்கெஜாப் அங்கிள்". என்ன விஷயம்னு அவனுக்குத் தெரியாது, அதை நான் ஒத்துக்கிறேன். நான் வெயில்ல நின்னேன். பாத்ரூம்ல தண்ணி விழற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

வேன்காரனுக்கு அடுத்த வேலை இருந்துச்சு போல. நாலு பேரைச் சேர்த்துப் பெட்டியைத் தோள்ல தூக்கிட்டாங்க. நிறுத்தியிருந்த காருங்களுக்கு நடுவுல நேரா வர இடம் இல்ல. என் லெட்சுமி பக்கவாட்டுல சாஞ்சு சாஞ்சு வந்தா. பெட்டி இடிச்சு ஒரு காரு அலாரம் வேற கத்த ஆரம்பிச்சுடுச்சு. அப்பதான் வேலாயுதம் துண்டைக் கட்டிக்கிட்டு வெளிய வந்தான். பெட்டியைப் பார்த்ததும் அவன் மூஞ்சி செத்துப்போச்சு. என் காலைப் பிடிச்சு அழுதான். நான் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். மன்னிச்சிட்டேன். அதையும் சேர்த்து எழுதிக்குங்கம்மா, அன்னிக்கே மன்னிச்சிட்டேன்.

அடுத்த கூட்டத்துல சங்கத் தலைவர் பதவிக்கு நின்னேன். யாரும் எதிர்த்து நிக்கல, அந்தத் தலைவலி யாருக்கு வேணும்? நான் வந்ததும் சட்டம் போட்டேன். என் வீடு இருக்கிற வரிசையில மட்டும்தான் கார் நிக்கலாம். எதிர் வரிசைக்காரங்க தள்ளி இருக்கிற திடல்ல விட்டுட்டு நடந்து வரணும். பாசாருக்கு, அதான் சந்தைக்கு, வர்ற வெளியாளுங்க பின் ரோடு வழியாப் பூந்து நிறுத்துறதைத் தடுக்க, பின்னால இரும்பு கேட் போட்டுப் பூட்டினோம். மீறி நிறுத்துற காருக்கு டயர்ல மாட்டுற மஞ்சள் பூட்டு. அப்படிப் பூட்ட எங்களுக்கு அதிகாரமே இல்லன்னு அன்னிக்குச் சொன்னீங்க. இருக்கலாம். கூட்டத்துல எல்லாரும் கையைத் தூக்கினாங்க. வேலாயுதமும் தூக்கினான். என்னைப் பார்த்துக்கிட்டே தூக்கினான், பாவம்.

டயர் பூட்டுச் சாவி, பின் கேட் சாவி ரெண்டும் என்கிட்ட. ஒரே வளையத்துல போட்டு வச்சிருந்தேன். ரோடு அவ்வளவு அழகாச்சு. சாயங்காலத்துல வெளிய நின்னு பார்த்தா இந்த முனையில இருந்து அந்த முனை தெரியும். இதை லெட்சுமி பார்க்கலையேன்னு இருக்கும்.

அப்புறம் வேலாயுதத்துக்கு நெஞ்சு அடைச்சு, ஆஸ்பத்திரியில ஸ்டென்ட் வச்சு அனுப்பினாங்க. மாதவி ஒருநாள் கிண்ணத்துல இட்லி சாம்பார் எடுத்துக்கிட்டு வந்தா. "அங்கிள், திடல்ல இருந்து நடந்து வர்றதுக்குள்ள அவருக்கு மூச்சு வாங்குது. கொஞ்ச நாளைக்கு வீட்டு முன்னால விட்டுக்கலாமா?"ன்னு கேட்டா.

"உனக்கு விட்டா நாளைக்கு உங்க வரிசையில இருக்கிற விமலன் வந்து முட்டி வலிம்பான்மா. நான் யாருக்குன்னு பார்க்கிறது?"ன்னேன்.

"சரிதான் அங்கிள்"னு தலையாட்டினா. இட்லியைக் கொடுத்துட்டுத்தான் போனா. நானும் சாப்பிட்டேன், நல்லா இருந்துச்சு.

மாரியம்மன் கோவில் திருவிழா அன்னிக்கு முன் ரோட்டை அடைச்சிடுவாங்க, அந்த வழியா ரதம் வரும். அதனால வருஷா வருஷம் அன்னிக்கு மட்டும் பின் கேட்டைத் திறந்து வைப்போம். இந்த வருஷம் வேணாம்னு நான்தான் சொன்னேன். திறந்து விட்டா கோவிலுக்கு வர்ற கூட்டம் பூரா நம்ம ரோட்டுல வந்து நிறுத்தும், அப்புறம் யாரு துரத்துறது? காரணம் நியாயமானதுதான், சங்கக் கமிட்டியில யாரும் மறுத்துப் பேசல. யாருக்காவது வண்டி எடுக்கணும்னா என்னைக் கூப்பிடுங்க, வீட்டுலதான் இருப்பேன்னேன்.

திருவிழா அன்னிக்குக் காலையில பார்த்தா வேலாயுதம் கார் அவன் வீட்டு முன்னால நிக்குது. பூட்டை எடுத்துட்டுப் போய் மாட்டினேன். சத்தம் கேட்டு கைலியோட வெளிய வந்தான். முகம் வெளுத்துப் போயிருந்துச்சு, நெத்தியெல்லாம் வேர்வை. கேட் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னான்.

"அங்கிள், ராத்திரியில இருந்து ஒரு மாதிரி இருக்கு. திடல் வரைக்கும் நடக்க முடியல, அதான் இங்க விட்டேன்."

"சாயங்காலம் கமிட்டி ஆளுங்க வருவாங்க, பேசிக்கலாம்"னேன்.

"நடுவுல ஏதாச்சும் அவசரம்னா?"

"நான் எங்கேயும் போகலப்பா. வந்து தட்டு, திறந்து விடுறேன்."

"தேங்க்ஸ் அங்கிள்"னான். அவன் என்கிட்ட கடைசியாப் பேசினது அதுதான்.

கொஞ்ச நேரத்துல ரோடே காலி. எல்லாரும் கோவில்ல. ரதம் கிளம்பி உறுமி மேளம் கேக்க ஆரம்பிச்சப்போ மாதவி வந்து என் கேட்டைப் போட்டு உலுக்குறா. கால்ல செருப்பு இல்ல, முடியெல்லாம் கலைஞ்சு கிடக்கு. "அங்கிள், அவரு விழுந்துட்டாரு. சாவி கொடுங்க. ஆம்புலன்ஸ் முன்னால வர முடியலையாம், பின்னால வரச் சொல்லியிருக்கேன். இல்லாட்டி நானே கார்ல போயிடுறேன். ரெண்டு சாவியும் கொடுங்க அங்கிள்."

சாவியை எங்க வச்சேன்னு மறந்துட்டேன், வீடு முழுக்கத் தேடினேன், அதான் லேட்டாச்சுன்னு உங்ககிட்ட சொன்னேன் பாருங்க. அதைத்தான் மாத்தணும்.

சாவி என் சட்டைப் பாக்கெட்டுல இருந்துச்சு. காலையில பூட்டை மாட்டிட்டு வந்து போட்டது, தொட்டா தெரியுது. ஜன்னல் ஓரமா போய் நின்னு, அவ முகத்தைப் பார்த்து, "செக்கெஜாப்"னேன்.

வாய் தவறி வந்துடுச்சுன்னு சொல்லலாம். பொய்யாயிடும். அந்த வார்த்தையை நான் லெட்சுமி போன நாள்ல இருந்து வாயிலேயே வச்சிருந்தேன், யாருக்குக் கொடுக்கிறதுன்னு தெரியாம. சொன்னதும் உடம்பு அப்படியே லேசாச்சு. சந்தோஷமா இருந்துச்சும்மா. வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

டீ ஆறிப் போயிருந்துச்சு, சூடு பண்ணிக் குடிச்சேன். டம்ளரைக் கழுவிக் கவுத்தேன். அப்புறம் துண்டை எடுத்துக்கிட்டுக் குளிக்கப் போனேன். தண்ணியைத் திறந்து விட்டா வெளிச் சத்தம் அவ்வளவாக் கேக்காது. கேட்டை உலுக்குறது கேட்டுச்சு. போன் அடிச்சது கேட்டுச்சு. வேற யார் யாருக்கோ அவ போன் பண்ணியிருக்கா, மேளச் சத்தத்துல ஒருத்தரும் எடுக்கல. பிறகு பின் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் வந்து, கேட் கிட்ட நின்னு, ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நான் தலைக்கும் சேர்த்துக் குளிச்சேன்.

துண்டைக் கட்டிக்கிட்டு ஈரத்தலையோட வெளிய வந்தேன். ஆம்புலன்ஸ்காரங்க கேட் ஏறிக் குதிச்சு வந்து, நெஞ்சை அமுக்கிப் பார்த்து, அவனை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டாங்க. பூட்டுப் போட்ட அவன் காரையே சுத்திக்கிட்டுப் போக வேண்டியிருந்துச்சு. ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு போனான். அவன் காலு அந்தக் கார்லயே இடிச்சு அலாரம் கத்துச்சு. நான் அதையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

"இந்தாம்மா, சாவி கிடைச்சிடுச்சு"ன்னு மாதவிகிட்ட நீட்டினேன். அவ என்னையும் பார்க்கல, சாவியையும் பார்க்கல. நானே நடந்து போய்ப் பின் கேட்டைத் திறந்து விட்டேன். ஸ்ட்ரெச்சர் தூக்கினவர் போற போக்குல எனக்கு நன்றி சொல்லிட்டுப் போனார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள வேலாயுதம் போயிட்டான். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா பார்த்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாராம்.

இதோட நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். யாருக்கும் சந்தேகம் இல்ல. அதுதான் தொல்லையாப் போச்சு. பெரியவருக்கு ஞாபகம் தப்புதுன்னு தெருவே பேசுது. இனிமே சாவியை வேற யாருகிட்டயாச்சும் கொடுத்துடலாம்னு விமலன் கமிட்டியில சொல்றான், நான் அங்க உட்கார்ந்திருக்கும்போதே. கருமாதி முடிஞ்சதும் மாதவி வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "நீங்க என்ன அங்கிள் பண்ணுவீங்க? வயசாச்சு, பதட்டத்துல மறந்திருப்பீங்க. மனசுல வச்சுக்காதீங்க"ன்னா. புருஷனைப் பறிகொடுத்தவ எனக்கு ஆறுதல் சொல்றா. அவ அப்படிச் சொல்லாம இருந்திருந்தா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன்.

துறைமுகத்துல அத்தனை வருஷம் வேலை பார்த்தேன், ஒரு சாவி தொலைஞ்சதில்லம்மா என் கையில. ஒரு சாவியை மாத்தி வச்சதில்ல. அதனால தெளிவா எழுதிக்குங்க. சாவி தொலையல. எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும். எதிர் வீட்டுல அவன் சாகக் கிடந்தான்னும் தெரியும். தெரிஞ்சுதான் குளிச்சேன்.

அவன் மேல இருந்த கோபத்துல செஞ்சீங்களான்னு கேக்குறீங்க. இல்லம்மா. மன்னிச்சிட்டேன்னு முன்னாலேயே சொன்னேனே, எழுதலையா?

என்னை இங்கேயே வச்சுக்குவீங்கன்னு நினைக்கிறேன். பரவாயில்ல, வீட்டுல காத்திருக்க யாரும் இல்ல. ஒண்ணு மட்டும் செய்ங்க. என் கார் விசிட்டர் இடத்துல நிக்குது. இந்தாங்க சாவி, யாரையாவது விட்டு இப்பவே எடுக்கச் சொல்லிடுங்க. யாராவது அவசரம்னு ஓடி வந்தா, இடம் இல்லாம நிக்கக்கூடாது பாருங்க.