தங்கச்சி வளரும் என்று வாங்கிய சைக்கிள்

பாப்பா, தம்பி, இன்று ஆவடி போகும் மின்சார ரயிலில் என் எதிரே நின்ற இரண்டு இளைஞர்கள் பேசியதை உங்களுக்காக எழுதி வைக்கிறேன். ஒருவன் சொன்னான்:

"தங்கச்சி வளரும்னு நம்பி மோசம் போய்ட்டேன் மச்சான். ரேஸ் சைக்கிளு, ரெண்டு சைஸ் பெரிய ப்ரேமா எட்த்துட்டேன்."

"இன்னாடா, அது ஸ்கூல் பாவாடையா, மடிச்சித் தச்சிக்க? சீட்ட எறக்க வேண்டியதுதான?"

"எறக்கினேன். ஒயரம் சரியாச்சி, நீளம் எங்க போவும்? ஹேண்டில எட்டி எட்டிப் புடிச்சி தோளு போச்சி. 'வலிக்குதுண்ணா'ன்னு அழுதுச்சி. 'பழகிடும், ஓட்டு'ன்னேன்."

"அடப்பாவி! மாத்திக் குட்த்திருக்கலாம்ல?"

"போன வாரம் மாத்தினேன். கை, காலு, முதுகுன்னு அளந்து, அதுக்குன்னே அளவான ப்ரேமு. ஊட்டு வாசல்ல சும்மா நிக்குது. ரேஸே வேணாம்னுட்டுச்சி. தொடவே மாட்டேங்குது மச்சான்."

அண்ணனூர் வந்தது. நண்பன் அவன் தோளில் கையைப் போட்டு இறக்கிக் கூட்டிப்போனான்.

நான் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தீர்கள். பாப்பாவின் பள்ளிக்கூட ஷூ கதவோரம் கிடந்தது. அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்கி, முனையில் துணி அடைத்துக் கொடுத்தது நான்தான். தனியாக உட்கார்ந்து அந்தத் துணியை உருவி எடுத்தேன். பாப்பாவின் விரல்கள் பதிந்து, அது கல்லாக இறுகியிருந்தது.