பெருக்கத் தெரிந்த மாப்பிள்ளை

வீடு பெருக்குவதில் எனக்கு எந்த வெட்கமும் கிடையாது. கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், யார் பார்க்கப்போகிறார்கள் என்று மற்றவர்கள் விட்டுவிடும் மூலைகளுக்கெல்லாம் என் துடைப்பம் போகும். விவகாரம் இங்கேதான் தொடங்கியது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

கல்யாணமான புதிதில் என் மனைவியின் அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கையில் துடைப்பத்தோடு கதவைத் திறந்தேன். பள்ளியில் கணக்குப் பரீட்சையில் கோட்டை விட்ட கதையை மனைவியிடம் ஆசையாகச் சொல்லியிருந்தேன்; அது அவர் காதுக்கும் போயிருந்தது.

"மாப்பிள்ளைக்குக் கணக்கு வராதுன்னு யாரு சொன்னா? நல்லாத்தானே பெருக்குறாரு" என்றார்.

வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். மச்சானுக்கு ஒரு நகைச்சுவை அகப்பட்டால் அதை லேசில் விடமாட்டார். எங்களுக்கு மகன் பிறந்தபோது, "குடும்பத்தையும் பெருக்கிட்டாரு" என்றார். என் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து கூடத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது, "மாப்பிள்ளை இன்னும் பெருக்கி முடிக்கலையா?" என்றார். எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. எந்தெந்த நாளில் என்னென்ன சொன்னார் என்பது நினைவிருக்கிறது, அவ்வளவுதான்.

நான் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். சி.ஆர்.பி. என்று ஒரு பரிசோதனை உண்டு. உடம்பில் எங்காவது அழற்சி வந்தால் கல்லீரல் ஒரு புரதத்தை ரத்தத்தில் கொட்டும், அதை அளப்போம். எங்கே எரிகிறது, யார் கொளுத்தியது என்றெல்லாம் அது சொல்லாது. எரிகிறது என்று மட்டும் சொல்லும். எங்கள் குடும்பத்து ஆட்களைவிட அதற்கு நாவடக்கம் அதிகம்.

மச்சானுக்குக் குடல்வால் வெடித்து, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே அறுவை சிகிச்சை நடந்தது. முதலில் பார்த்தபோது சி.ஆர்.பி. நூற்று அறுபது. வெட்டிய உடம்பில் அப்படித்தான் இருக்கும். பிறகு இறங்க வேண்டும். அவருக்கு வலி மட்டும் விடவில்லை. சர்ஜன் யோசித்தார்.

"இன்னொரு தடவை சி.ஆர்.பி. பாருங்க. இறங்கியிருந்தா வீட்டுக்கு அனுப்பிடலாம். ஏறியிருந்தா மறுபடி வயித்தைத் திறந்தாகணும்."

ரத்தம் எடுக்க நானே போனேன். அந்த வலியிலும் மச்சான் நர்ஸைப் பார்த்துச் சொன்னார்: "ரத்தம் கீழ சிந்தினாலும் பயமில்லம்மா. எங்க மாப்பிள்ளை நல்லாப் பெருக்குவாரு."

அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள்.

இயந்திரம், அளவு தன் எல்லைக்கு மேலே போய்விட்டது என்று காட்டியது. அப்படி வந்தால் ஒரு பங்கு ரத்த மாதிரிக்கு ஒன்பது பங்கு உப்புநீர் சேர்த்து மறுபடி ஓட்டுவோம். வருகிற எண்ணைப் பத்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும். ஓட்டினேன். முப்பத்தெட்டு என்று வந்தது. முப்பத்தெட்டு என்றே எழுதி அனுப்பினேன். இயந்திரம் சொன்னதற்கு மேல் ஒரு எழுத்து நான் சேர்க்கவில்லை. அந்தவகையில் நான் ரொம்ப நேர்மையானவன்.

சர்ஜனுக்குச் சந்தோஷம். வலிக்கு மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவைத்தார். வாசலில் மச்சான் என் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க வாயால நல்ல சேதி வந்துச்சு மாப்பிள்ளை" என்றார். கேலியே இல்லாமல் அவர் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் பிழைத்துக்கொள்வார், பிழைத்தால், "மாப்பிள்ளை பெருக்க மறந்துட்டாரு" என்று ஆயுள் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். உள்ளே கட்டியிருந்த சீழ் ரத்தத்தில் கலந்து, அந்த வாரமே போய்ச் சேர்ந்தார்.

கருமம் முடிந்த பிறகு என் ரத்தத்தையும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுக்கும் கீழே. எனக்குள் எரிச்சல் எதுவும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

விசாரணை அதிகாரியான நீங்கள் குளிர்பெட்டியில் மிச்சமிருந்த அவர் ரத்தத்தை எடுத்துச் சோதித்தீர்கள். விசாரித்தீர்கள். பெரிய மனது பண்ணி, 'வேலைப் பளுவில் பெருக்கத் தவறிவிட்டார்' என்று முடித்துவைத்தீர்கள். வேலையும் போகவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் நேற்று என் மனைவி அழுதுகொண்டே சொன்னாள்: "அண்ணன் அப்பவே சொன்னாரே, உங்களுக்குக் கணக்கு வராதுன்னு. நாங்கதான் விளையாட்டுன்னு நினைச்சோம்."

அதனால்தான் காலையிலேயே உங்களைத் தேடி வந்தேன். இயந்திரத்தில் முப்பத்தெட்டு வந்த அந்தக் கணமே, காகிதம் பேனா இல்லாமல், மனதுக்குள்ளேயே பெருக்கிவிட்டேன். முந்நூற்று எண்பது. அவர் தாங்கமாட்டார் என்று தெரிந்துதான் அதை எழுதவில்லை.

கொலை என்று போட்டுக்கொள்ளுங்கள், ஆட்சேபணை இல்லை. எனக்குப் பெருக்கத் தெரியாது என்று மட்டும் எழுதாதீர்கள்.