பூஜ்யத்தில் முடியும் கோப்புகள்

பழைய காகிதத்தில் துருப்பிடித்த குண்டூசி இருந்தால் நகத்தால் நெம்பக் கூடாது. மெல்லிய எலும்புக் கத்தியை அடியில் செருகி மெதுவாகத் தூக்க வேண்டும். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் நான் சேர்ந்த மாலைநேர ஆவணக்காப்பு வகுப்பில் முதல் வாரமே இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். என் கையால் நான் ஒரு காகிதத்தைக்கூடக் கிழித்ததில்லை. காகிதத்தைத் தூளாக்கும் அரவை வண்டி வந்தது உண்மைதான்; அது வேறு விஷயம்.

எங்கள் சிறார் உதவிச் சங்கம் விடுதியை மூடி நாற்பது வருடமாகிறது. மிஞ்சியது தேவாலய நிலவறையில் ஆறாயிரம் கோப்புகள். குழந்தைக்கு ஒரு கோப்பு. நிலவறையில் தண்ணீர் கசிந்ததும், நிர்வாகக் குழு எனக்கு மாடியில் இரண்டு அலமாரி ஒதுக்கியது. குழு பெரிய மனது பண்ணியது அவ்வளவுதான். மூன்றாவது அலமாரியில் கிறிஸ்துமஸ் நாடகத்தின் ஒட்டகம் இருந்தது. அதை நகர்த்த யாரும் சம்மதிக்கவில்லை.

எனவே மாதிரி எடுத்தேன். பத்துக்கு ஒன்று. எண் பூஜ்யத்தில் முடிந்தால் வைத்துக்கொள்வது, மற்றதை அரவைக்கு அனுப்புவது. அந்த ஒன்று மற்ற ஒன்பதுக்கும் பிரதிநிதி. இதுவும் வகுப்பில் சொன்னதுதான். உயிரோடு இருப்பவர்களின் கோப்புகளுக்கு இது பொருந்தாது என்பதை நான்காம் வாரம் சொன்னார்களாம். அன்று எனக்கு ஜலதோஷம்.

2014 நவம்பரில் வெர்னன் ஆக்ராய்ட் வந்தார். என் நாட்குறிப்பில் செவ்வாய் என்றிருக்கிறது; புதனாகவும் இருக்கலாம். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். தன்னார்வலர்களுக்குத் தலைவியான டோரீன் தேநீர் கொடுத்தார்.

"பிஸ்கட்டு ஆளுக்கு ரெண்டு, கண்ணு. சாக்லெட் தடவுனது கமிட்டிக்காரங்களுக்கு."

"விடுதில வளந்தப்பவும் அப்படித்தாம்மா," என்றார் வெர்னன். பிறகு என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா, நான் நாலாயிரத்து நூத்திப் பதினேழு. எங்கம்மா உசுரோட இருக்காங்களா, இல்லையா? அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்."

4117 அரவைக்குப் போய் ஏழு மாதமாகியிருந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் யோசித்தேன். ஆனால் அறுபதை நெருங்கும் ஒரு மனிதரை வெறுங்கையோடு அனுப்புவது எனக்குக் கொடுமையாகப் பட்டது. தவிர, டோரீனும் கேட்டுக்கொண்டிருந்தார்.

4120 இருந்தது. அதில் ஒரு தாயின் கடிதம். 'இடது கைக்கு உறை பின்னி முடித்துவிட்டேன், வலது கைக்கானதை வரும்போது கொண்டுவருகிறேன்.' கூடவே, அவள் 1961இல் காசநோயில் இறந்ததற்கான குறிப்பு. பிரதிநிதி என்றால் பிரதிநிதிதானே? பெயர்களை மட்டும் மாற்றிப் படியெடுத்துக் கொடுத்தேன். மூலத்தைக் கையில் கொடுப்பது எங்கள் வழக்கமில்லை.

வெர்னன் அதை இரண்டு முறை படித்தார். "நல்லவேளை, தேடி அலையல," என்றார். மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். டோரீன் அவருக்கு ஒரு சாக்லெட் பிஸ்கட் கொடுத்தார். விதி அன்று ஒருமுறைதான் மீறப்பட்டது.

பிறகு 4112 வந்தார், 4119 வந்தார். மொத்தம் ஐந்து பேர். ஐவருக்கும் அதே தாயைக் கொடுத்தேன். எல்லோரும் அழுதார்கள், எல்லோரும் நன்றி அட்டை அனுப்பினார்கள். இவ்வளவு திருப்தி எந்த ஆவணக்காப்பகத்தில் உண்டு?

குழப்பம் போன செப்டம்பரில்தான். பழைய விடுதிப் பிள்ளைகளின் வருடாந்தரத் தேநீர் விருந்து. வெர்னன் தன் கடிதத்தை உரக்கப் படித்தார். கையுறை இடம் வந்ததும், மரியன் என்கிற 4112 எழுந்தார்.

"யோவ், அது எங்கம்மா பின்னுனது!"

"எங்கம்மாவும் எடது கைதான் பின்னுனாங்க."

"ஊர்ல இருந்த பொம்பளைங்க அத்தனை பேரும் எடது கையோட நிறுத்திட்டாங்களா?" என்று கைப்பையைத் திறந்தார் மரியன்.

இரண்டு காகிதங்களும் மேசையில் கிடந்தன. எழுத்துப்பிழைகூட ஒரே இடத்தில். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் லேசாகச் சிரிப்பு வந்ததை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

இதுவரை உள்ளதை நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். முறைப்படி எழுதும் பழக்கம் எனக்கு இருப்பதால் மீதியையும் சொல்கிறேன்.

வெர்னன் வந்துபோன மறு மார்ச்சில் ஒரு கடிதம் வந்தது. சோவர்பி பிரிட்ஜ் முதியோர் இல்லத்திலிருந்து, மேவிஸ் ஆக்ராய்ட். 'எனக்குப் பதினேழு வயதானபோது என் பிள்ளை வெர்னனை உங்களிடம் விட்டேன். அவனுக்கு என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. இருக்கிறானா என்று மட்டும் சொல்லுங்கள்.' பேருந்தில் இருபது நிமிடம். வெர்னன் முப்பது வருடம் வண்டி ஓட்டிய தடம்.

நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது? எங்கள் பதிவின்படி அவர் 1961இலேயே இறந்துவிட்டார். ஒரு முறை கொடுத்த தகவலை மாற்றினால் காப்பகத்தை யார் நம்புவார்கள்? மேவிஸ் மேலும் இரண்டு வருடம் இருந்தார். போன பிப்ரவரியில் இறந்ததாக உள்ளூர்ப் பத்திரிகையில் பார்த்தேன், கத்தரித்து வைத்திருக்கிறேன்.

அவருடைய கடிதத்தை நான் ஒளித்துவிட்டதாக உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்திவிடுங்கள். பிள்ளைகளைப் பற்றிக் கேட்டு வரும் கடிதங்களிலும் பத்துக்கு ஒன்றுதான் வைப்பேன். அவருடையது முப்பதாவது. இரண்டாம் அலமாரியில், சரியான இடத்தில், குண்டூசி எடுத்து வைத்திருக்கிறேன். கேட்டிருந்தால் வெர்னனுக்கே காட்டியிருப்பேன்.